மைக்ரோ ஆர்என்ஏ 171எச் கூடியும் என்எஸ்பி2 அளவு குறையவில்லையா?

மெடிகாகோ (அவரைக் குடும்பச் செடி) வேரில் பூஞ்சை குடியேற உதவும் மரபணு என்எஸ்பி2. அதன் தூது ஆர்என்ஏவை வெட்டும் குட்டி ஆர்என்ஏவான மைக்ரோ ஆர்என்ஏ 171எச்-ஐக் கூட்டியும், பிசிஆர் சோதனையில் (மரபுப்பொருளை நகலெடுத்து அளக்கும் முறை) என்எஸ்பி2 அளவு குறையவில்லை என்கிறீர்கள். அதை வைத்து என்எஸ்பி2 குறையவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். வேரில் பூஞ்சைக் குடியேற்றம் குறைந்ததை நுண்ணோக்கியிலேயே பார்த்துவிட்டீர்கள். பிசிஆர் மட்டும் மறுக்கிறது என்றால், முதலில் பிசிஆரைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

உங்கள் பிரைமர்கள் (பிசிஆர் நகலெடுக்கும் பகுதியின் இரு எல்லைகளைக் குறிக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) இரண்டுமே வெட்டுமிடத்துக்குப் பின்னால், 3-பிரைம் பக்கமாக, அதாவது ஆர்என்ஏவின் கடைசி முனைப் பக்கமாக இருக்கக்கூடும். மைக்ரோ ஆர்என்ஏவின் 10, 11ஆம் நியூக்ளியோடைடுகளுக்கு எதிரே தூது ஆர்என்ஏ வெட்டப்படுகிறது. பின்துண்டில் பாலி-ஏ வால் (கடைசி முனையில் உள்ள ஏ-எழுத்துத் தொடர்) அப்படியே இருக்கும். அந்த வாலில் ஒட்டும் ஆலிகோ-டிடி கொண்டு சிடிஎன்ஏ (ஆர்என்ஏவின் டிஎன்ஏ நகல்) செய்தால், அழியாமல் எஞ்சிய அந்தத் துண்டும் முழு ஆர்என்ஏவாகக் கணக்கில் ஏறிவிடும்.

1. வெட்டுமிடத்துக்கு இருபுறமும் ஒவ்வொன்றாக அமையும் பிரைமர்களை வைத்து, அதே சிடிஎன்ஏவில் மறுபடி ஓட்டுங்கள். அளவு குறைந்தால் விடை கிடைத்துவிட்டது.
2. அதன்பிறகு 5-பிரைம் ரேஸ் (ஆர்என்ஏ துண்டின் தொடக்க முனையைக் கண்டறியும் முறை) செய்து வெட்டுமுனையை உறுதிசெய்யுங்கள்.

அக்ரோபாக்டீரியம் ரைசோஜீன்ஸ் (செடிக்குள் மரபணுவை ஏற்றும் பாக்டீரியா) மூலம் வளர்த்த வேர்கள் என்பதால் இன்னொன்று: ஒரே செடியில் மரபணு ஏறாத வேர்களும் கலந்தே வளரும். மரபணு ஏறிய வேரைக் காட்டும் ஒளிர்வுக் குறியீட்டைப் பார்த்து வேர்வேராகப் பிரித்தெடுத்தீர்களா? மொத்தமாக அரைத்திருந்தால் எந்தப் பிரைமரும் உதவாது.

புதிய பிரைமரிலும் குறையாவிட்டால், புரத உருவாக்கம் மட்டும் தடைபட்டிருக்கலாம். அதைப் பிசிஆர் காட்டாது. பாஸ்பேட் மிகுந்தாலே குடியேற்றம் சரியும் என்பதால், கட்டுப்பாட்டுச் செடிகளுக்கும் அதே ஊட்டக்கரைசலைக் கொடுத்தீர்களா என்று பாருங்கள். மைக்ரோ ஆர்என்ஏ வெட்ட முடியாதபடி வெட்டுமிடத்தை மாற்றிய என்எஸ்பி2வைச் செலுத்தும்போது குடியேற்றம் மீண்டால், அதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.