தேதியை ஏன் மறைக்கிறீர்கள்?

அன்புள்ள ஐயா,

குடவாசலில் ஓர் உரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். இரவில் வயல், வாய்க்கால், அப்பாவின் விவசாயம் பற்றி எழுதுவதுண்டு. முகநூலில் எழுதியவை நாலு நாளில் அடியில் போய்விடுகின்றன. அதனால் காணொளிகளைப் பார்த்துச் சொந்தமாக ஒரு வேர்ட்பிரஸ் தளம் அமைத்திருக்கிறேன். தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் வார்ப்புருவை (தீம்) மாற்றி மாற்றிப் பார்த்தும் திருப்தியில்லை. நான் செய்த திருத்தங்களும் ஓர் அப்டேட்டில் அழிந்துபோயின. நல்ல வார்ப்புரு எது? பதிவின் இணைப்பு தமிழில் இருக்கலாமா? விளம்பரம் எப்போது போடலாம்? தேதியை மறைத்தால் பழைய பதிவு என்று யாரும் ஒதுக்க மாட்டார்கள், கூகுளும் மேலே காட்டும் என்கிறார்கள். மறைத்துவிட்டேன். சரிதானே?

ச.

அன்புள்ள ச.,

சரியில்லை. முதலில் தேதியைத் திரும்பப் போடுங்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் கடிதம் வந்த நேரம் அப்படி. குறுவை நெல் சாகுபடியைப் பற்றிய ஒரு கட்டுரைக்காகச் சில நாட்களாக இணையத்தில் துழாவிக்கொண்டிருக்கிறேன். மேட்டூர் அணை திறந்த நாள் அரசுச் செய்திக்குறிப்பில் கிடைக்கும். அந்தத் தண்ணீர் குடமுருட்டிக்கும் அரசலாற்றுக்கும் வந்து, கிளை வாய்க்கால்களில் பிரிந்து, கடைமடை வயலில் என்றைக்கு ஏறியது என்பது அங்கே கிடைக்காது. அதை உங்களைப் போன்றவர்கள்தான் எழுதவேண்டும். எழுதியும் இருக்கிறார்கள். "இந்த ஆண்டு முன்னதாகவே திறந்துவிட்டார்கள், நாற்றங்காலுக்கு உழவு ஓட்டக்கூட அவகாசமில்லை" என்று ஒருவர் அருமையாகத் தொடங்குகிறார். எந்த ஆண்டு? வழக்கமான நாள் ஜூன் 12. 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28 வரை காத்திருந்தோம். அவர் எழுதியது 2022ஆக இருக்கலாம். 'இருக்கலாம்' என்பதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? தளம் பார்க்க லட்சணமாக இருக்கிறது. மேலே நாற்று நடும் படம், வட்டத்துக்குள் அவர் முகம், கீழே பகிர்வதற்கு வரிசையாகப் பொத்தான்கள். தேதியை மட்டும் காணோம்.

கூகுள் ஏமாந்துவிடும் என்று உங்களுக்கு யார் சொன்னது? கண்ணுக்குத் தெரியாமல் மறைத்தாலும் பக்கத்தின் நிரலில் பெரும்பாலும் தேதி இருந்துகொண்டேதான் இருக்கும். தேடுபொறி அதை எடுத்துக்கொள்ளும். மறைவது வாசகருக்கு மட்டும்தான். நம்மைத் தேடி வந்து படிக்கிற மனிதரை ஏமாற்ற இவ்வளவு பாடுபட வேண்டுமா?

தஞ்சாவூர் பெரிய கோயிலுக்குப் போயிருப்பீர்கள். அங்கே விமானத்தின் உச்சியில் வைக்க ராஜராஜன் செப்புக் குடம் கொடுத்ததைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. ஆட்சியின் 25ஆம் ஆண்டு, 275ஆம் நாள் என்று சொன்ன பிறகுதான் அது குடத்துக்கே வருகிறது. பிறகு எடை: 3,083 பலம். தான் கொடுத்தவை, அக்காள் கொடுத்தவை, தன் பெண்டிர் கொடுத்தவை, மற்றவர்கள் கொடுத்தவை எல்லாவற்றையும் கல்லில் வெட்டுங்கள் என்று அவன் ஆணையிட்டது 26ஆம் ஆண்டின் 20ஆம் நாள். கொடுத்தது ஒரு நாள், எழுதச் சொன்னது வேறொரு நாள். இரண்டையும் தனித்தனியாகக் குறித்திருக்கிறார்கள். இது பழைய செய்தி என்று யாராவது ஒதுக்கிவிடுவார்களோ என்று அவன் கவலைப்படவில்லை.

ராஜா கதை வேண்டாம் என்றால் என் பெரியப்பா கதையைக் கேளுங்கள். வலங்கைமான் பக்கத்தில் விவசாயம். பஞ்சாங்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைப்பார்: ஆற்றில் தண்ணீர் வந்தது, விதை விட்டது, நடவு, ஆள்கூலி. பஞ்சாங்கத்திலேயே எழுதியதால் ஆண்டு தானாகச் சேர்ந்துகொண்டது. ஒரு சமயம் பஞ்சாங்கம் கைக்கு எட்டவில்லையோ என்னவோ, பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் எழுதியிருக்கிறார்: "வெள்ளி ராத்திரி பூராவும் காற்று. விடிந்து பார்த்தால் கொல்லையில் ஒரு தென்னை நிற்கவில்லை. மாட்டுக்கொட்டகைக் கூரை தெருவில் கிடக்கிறது." அவ்வளவுதான். அவர் காலமான பிறகு அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு வீட்டில் பெரிய தகராறு. பெரியம்மா அது 1952 புயல் என்றார். தான் கல்யாணமாகி வந்த புதிது என்று சாதித்தார். சித்தப்பா 1977 என்றார். இரண்டும் நாகப்பட்டினத்தைத் தாக்கியவை, இரண்டும் நவம்பரில் வந்தவை. கடைசியில் கிழமையைக் கணக்குப்போட்டுப் பார்த்தோம். 1952இல் புயல் அடித்த நவம்பர் 30 ஞாயிற்றுக்கிழமை. 1977இல் நவம்பர் 12, சனிக்கிழமை. வெள்ளி ராத்திரி வீசி, விடிந்து பார்த்தது 1977தான். பெரியம்மா கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை, அது வேறு விஷயம். கிழமையாவது எழுதியிருந்தார் மனிதர். உங்கள் தளத்தில் அதுகூட இல்லை, அம்மா.

எனவே வேலையைப் பாருங்கள். நீங்கள் வைத்திருப்பது பக்கத்தைத் துண்டு துண்டாக அடுக்குகிற பிளாக் வகை வார்ப்புரு என்றால், எடிட்டரில் தனிப்பதிவுக்கான டெம்ப்ளேட்டை, அதாவது பக்க அமைப்பைத் திறந்து, தலைப்புக்குக் கீழே தேதிக்கான பிளாக்கை வையுங்கள். ஒரே இடத்தில் வைத்தால் எல்லாப் பதிவுகளிலும் வந்துவிடும். ஆனால் அது நீங்கள் வெளியிட்ட நாள். நிகழ்ந்த நாளை நீங்களேதான் எழுதவேண்டும், முதல் பத்தியிலேயே, ஆண்டோடும் ஊர்ப்பெயரோடும். 'போன வாரம்', 'எங்கள் ஊர் வாய்க்கால்' என்பதெல்லாம் உங்கள் தெருக்காரர்களுக்கு மட்டும், அதுவும் இந்த மாதத்துக்கு மட்டும் புரியும். முகநூலில் எழுதியதைத் தளத்துக்குக் கொண்டுவரும்போது அன்றைய தேதியையே கொடுங்கள். வேர்ட்பிரஸில் வெளியீட்டு நாளைப் பின்னோக்கி வைக்க முடியும். பின்னால் ஏதாவது திருத்தினால், எதை என்றைக்குத் திருத்தினீர்கள் என்று அடியில் ஒரு வரி. பழைய பதிவுக்கு இன்றைய தேதியைப் போட்டுப் புதுச்சரக்காகக் காட்டும் சாமர்த்தியசாலிகளும் இருக்கிறார்கள். மறைப்பதைவிட மோசம் அது.

இணைப்பு தமிழில் வேண்டாம். தமிழுக்காகச் சண்டை போடுகிறவன்தான் நான், இருந்தாலும் சொல்கிறேன். முகவரியில் ஒரு தமிழ்க் குறியீடு சதவீதக் குறிகளோடு ஒன்பது இடத்தை அடைத்துக்கொள்ளும். 'தி' என்றால் த, இகரக் குறி என்று இரண்டு குறியீடு, பதினெட்டு இடம். பதிவின் பெயருக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்குவது 200 இடம். தலைப்பு பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வெறும் சதவீதக் குறிகளின் ஊர்வலம். ரோமன் எழுத்தில் இரண்டு மூன்று சொற்கள் போதும். நிரந்தர இணைப்புக்கான அமைப்பில் மாதமும் பெயரும் வருகிற வகையைத் தேர்ந்தெடுங்கள். நாளைக்கு ஒரு வார்ப்புரு தேதியை விழுங்கினாலும் ஆண்டும் மாதமும் முகவரியில் தப்பித்திருக்கும். பிறகு அதை மாற்றாதீர்கள். மற்றவர்கள் எடுத்துக்கொடுத்த இணைப்புகள் முறிந்துபோகலாம்.

வார்ப்புரு எதுவானாலும் சரி. வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விடுங்கள், கொம்பும் சுழியும் முட்டிக்கொள்ளக் கூடாது. இருபக்கமும் ஓரம் சீராக்காதீர்கள், கைபேசியில் நம் நீளச் சொற்களுக்கிடையே பள்ளம் விழும். திருத்தங்களை, மூல வார்ப்புருவைத் தொடாமல் அதைச் சார்ந்து தனியாக நிற்கும் சைல்ட் தீமில் எழுதினால் அப்டேட் அவற்றைத் தொடாது. விளம்பரத்தைப் பற்றி இப்போது பேச்சே வேண்டாம்.

கொள்முதல் நிலையத்தில் உங்கள் அப்பா நனைந்த நெல்லோடு காத்திருந்ததை எழுதியிருக்கிறீர்களே, அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று சொன்னவுடன் அவர் ஒரு பிடி நெல்லை அள்ளிப் பார்த்துவிட்டு, பதிலே பேசாமல் தார்ப்பாயை இழுத்து மூடுகிறார். இப்படி எழுதத் தெரிந்தவருக்கு எதற்கு இந்த வார்ப்புரு மயக்கம்? ஆனால் அது குறுவையா, அதற்குப் பின் வரும் தாளடியா? எந்த ஆண்டு மழை? ஈரப்பத வரம்பைத் தளர்த்துங்கள் என்று டெல்டாவில் மழைக்கு மழை கேட்கிறோம். அந்தக் கோரிக்கைக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. தேதியில்லாத சாட்சியை எந்த அதிகாரி மதிப்பார்? உரக்கடையில் தேதி போடாமல் ஒரு பில் எழுதிப் பாருங்கள், முதலாளி என்ன சொல்கிறார் என்று.

அப்பாவிடம் கேளுங்கள். அவருக்கு நினைவில்லை என்றால் நெல் போட்ட ரசீது வீட்டில் எங்காவது இருக்கும். தேடி எடுத்துப் பதிவில் சேர்த்துவிட்டு இணைப்பை எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்