வெட்டிய முடியைப் பார்த்து நானும் சிரித்தேன்

கேள்வி: 1984-இல் டெல்லியில் ஒன்பதாம் வகுப்பு படித்தேன். அப்பாவுக்கு மத்திய அரசு வேலை. என் பெஞ்சில் ஒரு சீக்கியப் பையன். டிபனை மாற்றிக்கொள்வோம், அவன் பராட்டா எனக்கு, என் புளியோதரை அவனுக்கு. இந்திரா காந்தி சுடப்பட்ட அன்று சேர்ந்துதான் வீட்டுக்கு நடந்தோம். அப்புறம் மூன்று வாரம் அவன் வரவில்லை. வந்தபோது தலையில் பட்கா (சீக்கியப் பையன்கள் முடியை மூடிக் கட்டும் துணி) இல்லை, முடி ஒட்ட வெட்டியிருந்தது. பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த வருஷத்தோடு பள்ளியை விட்டுப் போய்விட்டான். இப்போது பள்ளி வாட்ஸ்அப் குழுவில் அவன் எண் இருக்கிறது. பேசலாமா? ‘ஆறின புண்ணை ஏன் கிளறணும்’ என்கிறாள் மனைவி.
- பெயர் வேண்டாம், ஸ்ரீரங்கம்

பதில்: உங்கள் புண் ஆறவில்லை, ஆறியிருந்தால் எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள். அவருடையது ஆறிவிட்டதா என்பது உங்கள் மனைவிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அந்த அக்டோபர் 31 அன்று நானும் பள்ளியில்தான் இருந்தேன், தமிழ்நாட்டில். எம்.ஜி.ஆர். அப்போலோவில் படுத்திருந்த நேரம். வேளை கெட்ட வேளையில் மணி அடித்ததும், ‘அவர்தான் போயிட்டார்’ என்று பாதிப் பள்ளி நினைத்தது. விஷயம் தெரிந்து டீச்சர்கள் அழுதார்கள். நாங்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினோம். லீவு என்ற சந்தோஷமும் உள்ளே இருந்தது, சொல்வதற்கென்ன. எங்களுக்கு அவ்வளவோடு முடிந்தது.

நீங்கள் இருந்த டெல்லியில் அன்று மாலையே தாக்குதல் ஆரம்பித்துவிட்டது. சுட்டவர்கள் இந்திராவின் சீக்கியக் காவலர்கள் இருவர். பழி ஊரிலிருந்த அத்தனை சீக்கியர் மேலும் விழுந்தது. டெல்லியில் மட்டும் கொல்லப்பட்டவர்கள் அரசுக் கணக்கிலேயே 2,733 பேர். தலைப்பாகையையும் தாடியையும் பார்த்துத்தான் தேடினார்கள். அதனால் எத்தனையோ வீடுகளில் பெற்றவர்களே கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார்கள். பழனியில் மொட்டை போடுவது மாதிரி எண்ணிவிடாதீர்கள். நமக்கு முடியைக் கொடுப்பது வேண்டுதல். அவர்களுக்கு அதை வெட்டாமல் காப்பதுதான் நெறி. உயிருக்காக அதை விட்டுவிட்டு வந்த பிள்ளையைப் பார்த்துத்தான் வகுப்பு சிரித்தது.

14 வயதில் எல்லோரும் சிரிக்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது கஷ்டம்தான். ஆனாலும் அதைச் சொல்லி உங்களை விட்டுவிட எனக்கு மனமில்லை. மற்றவர்கள் சிரித்ததை அவர் மறந்திருக்கலாம். நீங்கள் புளியோதரை கொடுத்தவர்.

பேசுங்கள். ஆனால் போன் வேண்டாம். எடுத்தவுடன் அவர் ஏதாவது சொல்லியாக வேண்டியிருக்கும். எழுதுங்கள், தனியாக, குழுவில் அல்ல. என்ன செய்தீர்களோ அதை மட்டும் எழுதுங்கள். ‘சின்ன வயசு, தெரியாமல்’ என்ற சால்ஜாப்பு வேண்டாம். மன்னிப்புக் கேட்கலாம், பதிலுக்குக் காத்திருக்கக் கூடாது. அந்த நாட்களில் அவர் வீட்டில் என்ன நடந்தது என்று நீங்களாகத் துருவாதீர்கள். அவர் சொன்னால் கேளுங்கள். அக்டோபர் கடைசியிலும் நவம்பர் தொடக்கத்திலும் அனுப்பாதீர்கள். காலம் கடந்துவிட்டதே என்று கூசவும் வேண்டாம். நாடாளுமன்றத்தில் ஒரு பிரதமர் மன்னிப்புக் கேட்க 2005 ஆகஸ்ட் ஆயிற்று. கேட்ட மன்மோகன் சிங்கும் ஒரு சீக்கியர்!

அனுப்பும் முன் ஒரு வேலை. அந்த வாட்ஸ்அப் குழுவின் பழைய செய்திகளைக் கொஞ்சம் மேலே தள்ளிப் பாருங்கள். சர்தார்ஜி ஜோக் ஏதாவது வந்திருக்கிறதா, அதற்கு நீங்கள் சிரிப்பு பொம்மை போட்டிருக்கிறீர்களா? போட்டிருந்தால் அதையும் சேர்த்தே எழுதுங்கள்.