இன்குபேட்டருக்குக் கம்மலை அடகு வைக்கலாமா?

அம்மா, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மகன் பி.காம் இரண்டாம் ஆண்டு. கல்லூரி நேரம் போக வீட்டுப் பின்பக்கம் இன்குபேட்டர் வைத்து நாட்டுக்கோழிக் குஞ்சு பொரித்து விற்கப் போகிறேன் என்கிறான். இருநூறு முட்டை வைக்கும் இயந்திரத்துக்கு இருபதாயிரம் கேட்கிறான். நீங்கள் கம்மலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். கம்மலை அடகு வைக்காதீர்கள். அதற்காக, "படிக்கிற வேலையைப் பார்" என்று சொல்லி அவன் ஆசையையும் மூடி வைத்துவிடாதீர்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது.

முதலில் அந்த இருநூறு முட்டைக்கு வருவோம். வீட்டில் பத்துப் பெட்டையும் ஒரு சேவலும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பத்துக்கு ஒன்று, சரியான அளவுதான். ஆனால் நம் நாட்டுக்கோழி ஆண்டுக்கு அறுபது முதல் எண்பது முட்டைதான் இடும். பத்துக் கோழிக்கு அறுநூறு, எண்ணூறு என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்குப் பன்னிரண்டிலிருந்து பதினைந்து முட்டை. அடை வைக்கிற முட்டையை ஒரு வாரத்துக்கு மேல் சேர்த்து வைத்தால் பொரிக்கும் திறன் குறைந்துகொண்டே போகும். அப்படியென்றால் உங்கள் வீட்டு முட்டையை வைத்து அந்த இயந்திரத்தை ஒரு நாளும் நிரப்ப முடியாது. மீதியை வெளியில்தான் வாங்க வேண்டும். கடையில் விற்கும் வெள்ளை முட்டை இதற்கு உதவாது. பண்ணைகளில் அந்தக் கோழிகளைச் சேவல் இல்லாமல் வளர்ப்பதால் அதில் கரு இருக்காது. சேவல் சேர்ந்த மந்தையிலிருந்து வரும் முட்டைதான் வேண்டும், அதற்கு விலை கூடுதல்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். விலைகளை நான் எடுத்துக்காட்டுக்காக வைக்கிறேன், உங்கள் ஊர் விலையைப் போட்டு மகனையே திரும்பப் போடச் சொல்லுங்கள். கருமுட்டை ஒன்று 15 ரூபாய், நூறு முட்டைக்கு 1,500. ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பார்க்கும்போது கரு வளராத பத்துப் பதினைந்து கூமுட்டை கழியும். கடைசி மூன்று நாளில் ஓட்டுக்குள்ளேயே சில குஞ்சுகள் போகும். ஒரு தடவை அடை வைத்துப் பொரிப்பதை ஈடு என்பார்கள்; நல்ல ஈடாக இருந்தால் 65 குஞ்சு கையில் நிற்கும். ஒரு நாள் குஞ்சு 40 ரூபாய்க்குப் போனால் 2,600. மின்சாரம், போக்குவரத்து, விற்குமுன் சாகிற இரண்டு மூன்று குஞ்சு எல்லாம் போக அறுநூறு, எழுநூறு மிஞ்சலாம். அதுவும் இருபத்தொரு நாளுக்கு. இருநூறு முட்டை வைத்தால் இரட்டிப்பு என்று எடுத்துக்கொண்டாலும், ஒரு ஈடு கூடத் தவறாமல் ஏறக்குறைய ஒரு வருடம் ஓடினால்தான் இருபதாயிரம் திரும்பும். பாதி முட்டைதான் பொரித்தது என்றால் கிட்டத்தட்ட ஒன்றும் மிஞ்சாது. முதல் ஈட்டில் பாதி பொரிப்பது ரொம்ப சாதாரணம்.

முட்டை சொந்த வீட்டுடையதாக இருந்தால் இதே கணக்கு மாறிவிடும். லாபம் இருப்பது அங்கேதான். ஆகவே இயந்திரம் வாங்கினாலும் ஐம்பது முட்டைக்குள் ஒன்று போதும். அதற்கும் முன்னால், அடுத்து அடைக்கு உட்காரும் கோழிக்கு அடியில் பன்னிரண்டு முட்டை வைத்து, அந்த ஈட்டை முழுக்க அவனையே பார்க்கச் சொல்லுங்கள். தாய்க்கோழி என்ன செய்கிறது என்று கவனித்தவனுக்கு இயந்திரம் எளிதில் புரியும். அவள் அலகால் முட்டையைப் புரட்டுவதைத்தான் இயந்திரம் பதினெட்டாம் நாள் வரை செய்கிறது. அவள் அடியில் முட்டைக்குக் கிடைக்கிற சூடுதான் அங்கே 37.5 டிகிரி செல்சியஸ். கடைசி மூன்று நாள் முட்டையைப் புரட்டக் கூடாது, ஈரப்பதத்தைக் கூட்ட வேண்டும், ஆவலில் மூடியைத் திறந்து திறந்து பார்க்கவும் கூடாது. ஈரம் குறைந்தால் உள்சவ்வு காய்ந்து குஞ்சைப் பிடித்துக்கொள்ளும், அதால் உடைத்து வெளியே வர முடியாது. முட்டையைக் கழுவி வைக்கிற பழக்கம் சிலருக்கு உண்டு, அதையும் தவிர்க்கச் சொல்லுங்கள். ஓட்டின் மேல் இயற்கையாக இருக்கும் பூச்சு போனால் கிருமி உள்ளே போகும். அழுக்கு முட்டையை அடைக்கே எடுக்காமல் விடுவதுதான் நல்லது.

அடுத்தது தேர்வு. இதை எந்த விற்பனையாளரும் சொல்ல மாட்டார், நான் சொல்லியே ஆக வேண்டும். என்னிடம் வந்த ஒரு மாணவர் செமஸ்டர் தேர்வு தொடங்க மூன்று வாரம் இருக்கும்போது முட்டை வைத்தார். இரண்டாவது தேர்வுக்கு முந்தைய இரவு குஞ்சு வெளியே வந்தது. அன்று பார்த்து மின்தடை. விடியும்வரை குஞ்சுகளோடு உட்கார்ந்திருந்தவர் தூங்காமல் போய்த் தேர்வு எழுதினார். அந்தத் தாளில் அரியர் விழுந்தது. தேதியைத் தள்ளிப்போடு என்று குஞ்சிடம் சொல்ல முடியாது. எனவே கல்லூரி நாட்காட்டியையும் அடை நாட்காட்டியையும் ஒன்றாக ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். இருபத்தொரு நாள் என்பது சரியாக மூன்று வாரம், சனிக்கிழமை வைத்தால் சனிக்கிழமைதான் பொரிக்கும். தேர்வுக்கு முந்தைய ஐந்து வாரங்களில் முட்டையே வைக்கக் கூடாது, ஏனென்றால் பொரித்த பிறகும் குஞ்சுக்கு ஆள் வேண்டும். முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட் சூடு கொடுத்து, வாரம் ஐந்து டிகிரியாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். குஞ்சுகள் விளக்கடியில் ஒட்டிக் கிடந்தால் குளிருகிறது, ஓரத்துக்கு ஓடினால் வெக்கை. இதைப் பார்க்க ஒரு கண் வீட்டில் இருந்தே ஆக வேண்டும். கல்லூரி நேரத்தில் அந்தக் கண் உங்களுடையதாகத்தான் இருக்கும், அம்மா. உங்களால் முடியாது என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

விற்பனையில்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். முட்டை வைக்கும் முன்பே, இந்தத் தேதியில் இத்தனை குஞ்சு எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லும் மூன்று பேரைக் கண்டுபிடித்து வரச் சொல்லுங்கள். ஒரு நாள் குஞ்சு வயிற்றில் உள்ள மஞ்சள்கருவை வைத்து இரண்டு நாள் தாங்கும், அதனால்தான் தூர ஊருக்கும் பெட்டியில் அனுப்ப முடிகிறது. ஆனால் வீட்டில் நான்கைந்து கோழி வளர்க்கும் பெண்கள் பெரும்பாலும் ஒரு மாதக் குஞ்சைத்தான் கேட்பார்கள். தப்பிப் பிழைத்த குஞ்சு, பருந்துக்கும் காக்கைக்கும் ஓடி ஒளியத் தெரிந்த குஞ்சு. அதற்கு விலை அதிகம், தீவனமும் அக்கறையும் அதிகம். ஐந்தாறு நாளில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து விடாமல் விட்டால் வெள்ளைக்கழிச்சல் வந்து கூட்டையே காலி செய்துவிடும். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் மருத்துவரை ஒரு தடவை நேரில் பார்த்து, தடுப்பூசி அட்டவணையை எழுதி வாங்கி வரட்டும். நாமக்கல் வேளாண் அறிவியல் நிலையம், கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மாவட்டப் பயிற்சி மையங்கள் ஆகியவற்றில் கோழி வளர்ப்புப் பயிற்சி நடக்கும். விடுமுறையில் ஒன்றுக்குப் போய் வந்தால் நல்லது.

காலமும் பார்க்க வேண்டும். நாட்டுக்கோழி விற்கிற எடைக்கு வர நாலு, நாலரை மாதம் ஆகும். பொங்கலுக்குக் கோழி விற்க நினைப்பவர் ஆவணியிலேயே குஞ்சு தேடுவார், தீபாவளிக்கு நினைப்பவர் ஆனியில். அந்த மாதங்களுக்கு மூன்று வாரம் முன்பு முட்டை வைத்தால் போதும். திண்டுக்கல் மாவட்டம் அய்யலூரில் நடக்கும் வியாழக்கிழமைச் சந்தைக்கு ஒரு நாள் சும்மா போய், யார் எதை என்ன விலைக்குக் கேட்கிறார்கள் என்று பார்த்து வரச் சொல்லுங்கள். சிறுவிடை, பெருவிடை என்ற நாட்டு வகைகள், சோனாலி, கிராமப்பிரியா என்ற கலப்பினங்கள் எல்லாவற்றையும் 'நாட்டுக்கோழி' என்று ஒரே பெயரில் விற்பவர்கள் இருக்கிறார்கள். எந்த இனமோ அதைச் சொல்லி விற்கட்டும். ஊருக்குள் செய்கிற தொழில் இது, ஏமாந்தவர் நாளைக்கும் எதிரில் வருவார்.

இன்னொன்று, ஊரெல்லாம் விளம்பரம் செய்கிறார்களே, "குஞ்சு தருகிறோம், வளர்த்துக் கொடுங்கள், நாங்களே வாங்கிக்கொள்கிறோம், மாதம் இவ்வளவு நிச்சயம்" என்று. மகன் அந்தப் பக்கம் போனால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். பெருந்துறைப் பக்கம் ஈமு கோழித் திட்டங்கள் 2012-இல் சரிந்தபோது வாழ்நாள் சேமிப்பை இழந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். பறவையைத் தருபவரும் வாங்குபவரும் ஒருவரே என்றால், அவர் கதவைச் சாத்திய அன்று உங்கள் தொழிலும் முடிந்தது.

மானியம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தேசிய கால்நடை இயக்கத்தில் 50 சதவீதம், அதிகபட்சம் 25 லட்சம் வரை தருகிறார்கள். ஆனால் அது ஆயிரம் தாய்க்கோழியும் பொரிப்பகமும் வைப்பவர்களுக்கு. பட்டம் முடித்து, மூன்று வருடக் கணக்குப் புத்தகம் கையில் இருக்கும்போது அதைப் பற்றிப் பேசலாம். அதுவரை அவன் பி.காம் படிப்பது இதற்குத் தடையில்லை. ஒவ்வொரு ஈட்டுக்கும் வரவு செலவு எழுதினால், கோழித்தொழில் கைகூடாவிட்டாலும் ஒரு தீவன நிறுவனத்திலோ முட்டை வியாபாரியிடமோ கணக்கர் வேலைக்குப் போகும்போது அந்த நோட்டைக் காட்டிப் பேசலாம்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அண்ணன் பேசிக்கொண்டிருக்க, பதினொன்றாம் வகுப்பு உயிரியல் படிக்கும் தங்கைதான் ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் தேதி எழுதுகிறாள், எது கூமுட்டை என்று சொல்கிறாள் என்று. எனக்கு அந்த வரியில் கண் நின்றுவிட்டது. கால்நடை மருத்துவப் படிப்பு ஐந்தரை ஆண்டு, நம் மாநில இடங்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துத்தான் சேர்க்கிறார்கள். ஓசூரில் கோழியினத் தொழில்நுட்பத்துக்கென்றே நான்காண்டு பி.டெக் படிப்பும் இருக்கிறது, அதற்கு எந்தப் பாடப்பிரிவு வேண்டும் என்று சேர்க்கைக் குறிப்பேட்டில் பார்த்துவிடுங்கள். அடுத்த முறை வரும்போது மகனோடு அவளையும் அழைத்து வாருங்கள், அம்மா. அவளிடம் கொஞ்சம் பேச வேண்டும்.