கல் ஊன்றிவிட்டால் நிலம் போய்விட்டதா?

கேள்வி: கீழக்கரைக்கும் பெரியபட்டினத்துக்கும் இடைப்பட்ட கடலோரக் கிராமம் எங்களுடையது. ஊருக்குத் தெற்கே ஆடு மாடு மேயும் பொட்டல் இருக்கிறது. அதன் ஓரத்து மணல்மேட்டில்தான் குடிக்க ஊற்றுத் தோண்டுவோம். எங்கள் மிளகாய்ப் புஞ்சைகளும் அதை ஒட்டியே இருக்கின்றன. இரண்டு மாதமாக அங்கே மஞ்சள் பெயின்ட் அடித்த கற்கள் நிற்கின்றன. ‘ரிசார்ட் வருகிறது, பட்டா எங்களிடம் இருக்கிறது’ என்கிறார்கள். வீட்டுக்கு ஆயிரம் ரூபாய் வசூலித்துத் தந்தால் கோர்ட்டில் ஸ்டே (தடை உத்தரவு) வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். தரலாமா?

பதில்: தராதீர்கள். ஸ்டே என்பது கடையில் வாங்கும் சாமான் இல்லை. இந்த மாதிரி ஆட்கள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஒரு ரிட் மனு போடுவார்கள். ‘மனுதாரரின் மனுவை இத்தனை வாரத்துக்குள் சட்டப்படி பரிசீலிக்க வேண்டும்’ என்று ஓர் உத்தரவு வரும். ஊருக்கு வந்து ஜெயித்துவிட்டோம் என்பார்கள், வெடியும் போடுவார்கள். அந்த உத்தரவில் தடை என்ற சொல்லே இருக்காது, கல்லும் இருந்த இடத்தில் இருக்கும். பணம் மட்டும் போயிருக்கும். இதை நான் பல ஊர்களில் பார்த்துவிட்டேன்.

முதலில் அந்தப் பொட்டல் அரசுக் கணக்கில் என்னவாக இருக்கிறது என்று பாருங்கள். ஊரே மேய்ச்சல் நிலம் என்று சொல்வதும் கணக்கில் எழுதியிருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. வருவாய்த் துறையின் இ-சேவை இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டால் ஒவ்வொரு நிலமும் என்ன வகை என்று சொல்லும் ‘அ’ பதிவேடு காசில்லாமல் கிடைக்கும். அதில் மேய்க்கால், மந்தை, ஊருணி, பாதை என்று வகை போட்டிருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. ஊர்ப் பொது நிலத்தை ஆக்கிரமித்தவர்களிடமிருந்து மீட்டு ஊருக்கே திருப்பித் தர எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வெறும் தரிசு என்று இருந்தாலும் அது அரசு நிலம்தான், வாதத்தைத்தான் கொஞ்சம் மாற்ற வேண்டும்.

‘பழைய சமஸ்தானப் பத்திரம் இருக்கிறது’ என்று யாராவது காகிதத்தை நீட்டினால் மிரள வேண்டாம். 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டப்படி ஜமீனின் பொது நிலம், தரிசு, நீர்நிலை எல்லாம் அரசுக்கு வந்துவிட்டன.

ஒரே ஒரு இடத்தில் நிதானம் வேண்டும். பதிவேட்டில் ‘கிராம நத்தம்’ என்று இருந்தால் அதைப் புறம்போக்கு என்று கலெக்டருக்குக் கொடுக்கும் மனுவில் எழுதிவிடாதீர்கள். நத்தம் என்பது குடியிருப்புக்கு விட்ட இடம். வீடு கட்டிக் குடியிருப்பவருக்கே அது உரியது, அரசு அதைத் தன் நிலம்போல் எடுத்துக்கொள்ள முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறது. ஒரு ஊரில் மேய்க்கால் எண்களோடு நத்த எண் ஒன்றையும் சேர்த்து ஆக்கிரமிப்பு என்று எழுதிவிட்டார்கள். முதல் நோட்டீஸ் வந்தது யாருக்கு? மனுவில் கையெழுத்துப் போட்ட மீனவர் வீட்டுக்கே. அதோடு ஊர் இரண்டாகப் பிளந்தது. எனவே நத்த எண்ணைத் தனியாக எடுத்து வையுங்கள். எண் புரியவில்லை என்றால் புலப்படத்தை (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) வாங்கி, நில அளவை தெரிந்த ஒருவரை அருகில் உட்கார வைத்து, ஊற்று எந்த எண்ணுக்குள் வருகிறது, கடலுக்குப் போகும் பாதை எந்த எண்ணில் என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

அப்புறம் கடற்கரை விதி. மக்கள் நெருக்கம் குறைந்த கிராமக் கடற்கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து (அலை ஏறும்போது தண்ணீர் வந்து தொடும் எல்லை) 200 மீட்டருக்குள் புதிதாக ரிசார்ட் கட்டிடம் எழுப்ப விதியில் இடம் இல்லை. ஊற்று அந்தத் தூரத்துக்குள் வருகிறதா என்று பார்த்து மனுவில் எழுதுங்கள்.

எனக்குப் பெரிய கவலை உங்கள் புஞ்சைதான். பொட்டலுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே புஞ்சை கைமாறிவிடும். தரகர் ‘விற்க வேண்டாம், பவர் மட்டும் எழுதித் தாருங்கள், அட்வான்ஸ் கையில்’ என்பார். பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் நீங்கள் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும்போதே அவர் உங்கள் பெயரில் கிரயம் செய்யலாம். பணம் வாங்கிக்கொண்டு எழுதிய பவரை ரத்து செய்யப் போனால் அதுவே தனி வழக்காகிவிடும். வெற்றுப் பத்திரத்தாளில் கையெழுத்து, பெருவிரல் ரேகை எதுவும் வேண்டாம். பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கிறது என்று மனை காட்டினாலும் நம்பாதீர்கள். விவசாய நிலத்தை மனையாக்க நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி வேண்டும், தலைவர் கையெழுத்து மட்டும் போதாது. பதிவுத் துறை இணையதளத்தில் உங்கள் எண்ணுக்கு வில்லங்கச் சான்றை மாதம் ஒருமுறை பாருங்கள். காசு கிடையாது, ஐந்து நிமிட வேலை.

திங்கட்கிழமை கலெக்டரின் குறைதீர் நாளில் மனு கொடுங்கள், ஆனால் அதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். கலெக்டரிடம் கொடுத்த மனு ஆர்டிஓவுக்கு, அவரிடமிருந்து தாசில்தாருக்கு, பிறகு ஆர்ஐக்கு (வருவாய் ஆய்வாளர்) என்று இறங்கி, கடைசியில் எந்த விஏஓ கல் ஊன்றும்போது பார்த்துக்கொண்டிருந்தாரோ அவரிடமே அறிக்கைக்கு வந்து நிற்கும். ‘நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது’ என்று ஒரு வரி பதில் வரும். ஒரு நாளில் சர்வேயரை அனுப்பி அளந்து முடிக்கிற வேலைக்கு ஒரு வருடம் ஆக்குகிறார்கள். அதற்குள் அங்கே காம்பவுண்டு சுவர் எழும்பிவிடுகிறது. இது எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. அதனால்தான் மனுவில் சர்வே எண், பரப்பு, கல் ஊன்றிய தேதி, போட்டோ எல்லாம் இருக்க வேண்டும் என்கிறேன். ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் மனுவின் நிலையைக் கேளுங்கள். முப்பது நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும். பிறகு கோர்ட்டுக்குப் போகும்போது இந்தக் காகிதங்கள்தான் பேசும்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1: இந்த ஆறு நாளில் எது முதலில் வருகிறதோ அந்தக் கிராம சபைக்கு ஊரோடு போங்கள், பெண்களும் வரட்டும், ஊற்றில் தண்ணீர் மொள்கிறவர்கள் அவர்கள்தான். நிலத்தை வகைமாற்றம் செய்யக்கூடாது என்று சர்வே எண்ணோடு தீர்மானம் போடச் சொல்லுங்கள். எழுதி முடித்துப் படித்துக் காட்டிய பிறகே வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுங்கள். ‘முதலில் கையெழுத்துப் போடுங்கள், தீர்மானத்தை அப்புறம் எழுதிக்கொள்கிறோம்’ என்று சொன்னால் பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள்.