மாத்திரைக்கு விடுமுறை

அன்புள்ள ஐயா,

எனக்கு 52 வயது. ஆறு வருடமாகச் சர்க்கரை. தினமும் காலையில் கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை நண்பர்களோடு குடிப்பேன். மருந்தும் மதுவும் சேரக்கூடாது என்று அன்றைக்கு மட்டும் மாத்திரையை விட்டுவிடுகிறேன். மனைவி திட்டுகிறாள். நான் ஜாக்கிரதையாகத்தானே இருக்கிறேன்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இல்லை. நான் மருத்துவர் அல்ல, உங்களைப் போலவே சர்க்கரைக்கு மாத்திரை விழுங்குபவன். ஆனால் உங்கள் கணக்கில் ஞாயிற்றுக்கிழமை விடுபட்டுப் போயிருக்கிறது.

ரத்தத்தில் சர்க்கரை இறங்கும்போது அதை ஈடுகட்டுவது கல்லீரல். உள்ளே மது வந்துவிட்டால் அதை முறிக்கும் வேலைதான் அதற்கு முதலில். புதிதாகச் சர்க்கரை தயாரிப்பது குறைந்துவிடும். அதனால் குடித்துப் பல மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள்கூட, சர்க்கரை தாழ்ந்து போகலாம். நீங்களோ சனிக்கிழமை முழுக்கச் சர்க்கரையை ஏறவிட்டு, ஞாயிறு காலை மாத்திரையைப் போடுகிறீர்கள். கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பது. அதன் வேலை ஏறக்குறைய 24 மணி நேரம் நீடிக்கும். தாமதமாக எழுந்து, சாப்பிடாமல் அதைப் போட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். மெட்ஃபார்மினின் சிக்கல் வேறு: அளவு மீறிக் குடித்தால் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் சேரும் ஆபத்து. அரிதுதான், ஆனால் உயிருக்கே ஆபத்தானது.

எனக்குப் பெரிய பயம் இன்னொன்று. வியர்வை, நடுக்கம், குழறும் பேச்சு, தள்ளாட்டம் - சர்க்கரை இறங்கினாலும் இதேதான், போதையிலும் இதேதான். ‘போதை இன்னும் இறங்கலை, தூங்கட்டும் விடு’ என்பார்கள் நண்பர்கள். அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: சந்தேகம் வந்தால் குளுக்கோமீட்டரில் பார்க்க வேண்டும், 70க்குக் கீழே இருந்து, விழுங்கும் நிலையில் இருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்கு. வெறும் வயிற்றில் குடிப்பதை இப்போதே நிறுத்துங்கள்.

குடிக்கலாமா, எவ்வளவு, மாத்திரையை மாற்ற வேண்டுமா என்பதையெல்லாம் உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவர் கேட்டால் ‘எப்பவாவது, கொஞ்சம்’ என்போம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், கல்லீரல் பரிசோதனை முடிவு வரும் வரை. அடுத்த முறை மனைவியையும் அழைத்துப் போங்கள். எத்தனை ரவுண்டு என்ற கணக்கு அவரிடம் சரியாக இருக்கும்.