பழைய ஜீப், பின்னால் டிரெய்லர்: வாசகர் கேள்விகள்

பழைய மாருதி ஜிப்ஸி ஒன்று சல்லிசாக வருகிறது. 2,000 லிட்டர் தண்ணீர் டேங்க் இழுக்குமா? (பல்லடம்)

வேண்டாம். தண்ணீர் மட்டுமே 2 டன். ஜிப்ஸியோ 1.3 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் போட்ட ஒரு டன் வண்டி. அது டிராக்டர் செய்ய வேண்டிய வேலை.

நல்ல பழைய ஜீப் இருக்குதுங்க. டிரெய்லருக்கு வாங்கலாமா? (ஊர் எழுதவில்லை)

மாடல் இல்லை, வருடம் இல்லை, எதைக் கட்டி இழுக்கப் போகிறீர்கள் என்பதும் இல்லை. ஜாதகமே தராமல் பொருத்தம் கேட்டால் எப்படி? முதலில் டிரெய்லரை லோடோடு எடை மேடையில் ஏற்றுங்கள். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு மறுபடி எழுதுங்கள்.

தாளவாடியிலிருந்து திம்பம் மலைப்பாதை வழியாக முட்டைக்கோஸ் இறக்க வேண்டும். பெரிய இன்ஜின் மாற்றிய ஜீப், இழுவை பிரமாதம் என்கிறார் புரோக்கர். (சத்தியமங்கலம்)

இழுவை, இழுவை, இழுவை! நிற்குமா என்று ஒருத்தராவது கேட்கிறீர்களா? திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவுகள். லோடோடு இறங்குகிற உங்களுக்கு இழுவையால் என்ன பயன்?

பழைய ஜீப் பலவற்றில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான், மிதிக்கும் வேகத்தைக் கூட்டித் தரும் பூஸ்டரும் இருக்காது. மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடேறி லைனிங் பிடிப்பை விட்டுவிடும். அந்த நேரம் பார்த்துப் பின்னால் இருக்கும் ஒரு டன் முன்னே தள்ளும். வளைவில் தள்ளினால் ஜீப்பும் டிரெய்லரும் மடங்கிக்கொள்ளும். ஏறும்போது போடும் கியரிலேயே இறங்குங்கள். லோடு ஏற்றிய டிரெய்லர் ஜீப்பின் எடையில் பாதியைத் தாண்டினால் டிரெய்லருக்கும் பிரேக் வேண்டும். உள்ளூர்ப் பட்டறை டிரெய்லர் பலவற்றில் அது கிடையவே கிடையாது. கேட்டால் "யாரும் கேக்கறதில்லீங்க" என்பார்கள். கேளுங்கள்.

அப்புறம் அந்த இன்ஜின். அதன் நம்பர் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா? இல்லையென்றால் விபத்து நடந்த அன்று இன்சூரன்ஸ்காரர் கைவிரிக்க அதுவே போதும். நானாக இருந்தால் இந்த வண்டியைத் தொட மாட்டேன்.

தேங்காய் லோடுக்கு ஃபோர் வீல் (நான்கு சக்கரமும் இழுப்பது) கட்டாயமா? (பொள்ளாச்சி)

தார் ரோட்டில் தேவையில்லை. காய்ந்த ரோட்டில் ஃபோர் வீலைப் போட்டு வண்டியை வளைத்தால், முன் பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்பர் கேஸ்தான் அடிபடும். ஈரத் தோப்பிலிருந்து லோடோடு கிளம்ப, வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் 'லோ' கியர் உதவும். முன் சக்கரங்களுக்கு இழுவை கொண்டுபோகும் ஷாஃப்ட் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். கழற்றி வைத்துவிட்டு ஃபோர் வீல் விலை சொல்வார்கள்.

ரேக்ளா பந்தயக் காளை இரண்டை ஏற்றினால் டிரெய்லர் வாலாட்டுகிறது. ஜீப்பை மாற்றலாமா? (காங்கயம்)

ஜீப்பை விடுங்கள், காளைகளை முன்னே நகர்த்திக் கட்டுங்கள். காளைக்கு 500 கிலோ என்று வைத்தாலும் இரண்டும் ஒரு டன். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியில் இறங்க வேண்டும். பாரம் அச்சுக்குப் பின்னால் போனால் வால் ஆடத்தான் செய்யும். கொக்கி பம்பரில் இருந்தால் சேஸுக்கு மாற்றுங்கள். நீங்களும் ஒருமுறை எடை மேடைக்குப் போய் வாருங்கள்.

வாங்க நினைக்கும் வண்டிக்கு 22 வயது, ஆர்.சி. முடிந்துவிட்டது. புதுப்பித்துக்கொள்ளலாம்தானே? (கோபி)

எஃப்.சி. எனும் தகுதிச் சோதனையில் தேறினால் 5 வருடம் கிடைக்கும். 20 வயது தாண்டியதால் கட்டணமே சுமார் 10,000 ரூபாய்; பசுமை வரியும் இன்சூரன்ஸும் தனி. டிரெய்லருக்கும் தனி ஆர்.சி. வேண்டும். விற்பவரே புதுப்பித்துக் கொடுக்கட்டும், அதுவரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.