வாசகர் கேள்வி பதில்: மியூசியத்தில நம்மட ஆக்கள் எங்க?

கேள்வி: பள்ளிக்கூடப் பிள்ளைகளோட கொழும்பு மியூசியத்துக்குப் போய் வந்தம். சிம்மாசனம், புத்தர் சிலை எல்லாம் பாத்திட்டு ஒரு பிள்ளை, "டீச்சர், நம்மட ஆக்கள்ட சாமான் எங்க?" எண்டு கேட்டிச்சு. என்ன சொல்லுற? (ஆசிரியை, களுவாஞ்சிக்குடி)

பதில்: நல்ல கேள்வி டீச்சர், அதை அப்பிடியே போர்ட்ல எழுதிப்போட்டு வகுப்பில பிள்ளைகளைப் பேச விடுங்க. எந்தச் சாமானை எடுக்கிற, எதை விடுற, பக்கத்தில என்ன எழுதுற எண்டு ஆரோ ஒராள் முடிவெடுக்கிறார், இது ஆர்ர நாடு எண்டு பாக்கப் போற பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்கிறது அந்த முடிவுதான். பிரான்சில முடியாட்சி விழுந்து அடுத்த வருசமே, 1793ல, ராசா சேத்து வச்சிருந்த ஓவியங்களை லூவர் மாளிகையில சனம் பாக்கத் திறந்து விட்டாங்க, நேத்துவரைக்கும் ராசாட சொத்து இண்டையில இருந்து எங்கட சொத்து எண்டு சனத்துக்கு விளங்கிப்போச்சு. கொழும்பு மியூசியத்தை 1877ல திறந்தது வெள்ளைக்கார கவர்னர் கிரகரி. கண்டி ராசாட சிம்மாசனமும் முடியும் 1934ல இங்கிலாந்தில இருந்து திரும்பி வந்து நாட்டுக்கே அடையாளமாப் போச்சு. அதில பிழை சொல்ல ஒண்டுமில்ல, பொலன்னறுவையில எடுத்த நடராசரும் அங்க இருக்கார். ஆனா மட்டக்களப்பு வாவியில தோணி வலிச்சவன், போடியார் எண்ட நிலக்காரர்ர வயலில முதுகொடிஞ்சவன், கண்ணகி அம்மனைக் குளிர வைக்கிற குளிர்த்திப் பாட்டுப் பாடினவன், மருதமுனையில தறியில துணி நெய்தவன், இவங்களையும் அந்தக் கதையில சேக்கத்தான் வேணும்.

நம்மட பக்கத்துக் கரையில இருந்து போன சிலை ஒண்டு லண்டனில நிக்கிது, அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்க. தாரா எண்ட மகாயான பௌத்தப் பெண் தெய்வம், வெண்கலத்தில வார்த்துப் பொன் பூசினது, கிட்டத்தட்ட ஆள் உயரம், திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில எடுத்தது, முன்னம் இலங்கையில கவர்னரா இருந்த பிரவுன்றிக் 1830ல பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் குடுத்திட்டார். இந்தக் கரையில அப்பிடியும் ஒரு கும்பிடு இருந்திருக்கு, அது நமக்கும் சொந்தமான கதைதான், இண்டைக்கு நாம தமிழர், சிங்களவர், முஸ்லிம் எண்டு பிரிச்சு வச்சிருக்கிற கணக்குக்குள்ள இந்த மண்ட பழமை அடங்காது. அதாலதான் ஆர் பொறுப்பில இருக்கிறாங்க எண்டது பெரிய விசயம். 2020ல கிழக்கு மாகாணத் தொல்பொருளுக்கு ஜனாதிபதி செயலணி போட்டப்ப முதல் பட்டியலில ஒரு தமிழரும் இல்ல, ஒரு முஸ்லிமும் இல்ல, எனக்கு அது இன்னும் ஆறல்ல.

கேள்வி: எங்கட அப்பப்பா கூத்துப் பழக்கிற அண்ணாவியார். அவர்ர மத்தளம், சல்லரி, கூத்துக் கொப்பி எல்லாம் வீட்டில கிடக்கு. நூதனசாலைக்குக் குடுக்கலாமா? (வாசகர், தம்பிலுவில்)

பதில்: குடுக்கலாம் தம்பி, ஆனா அவசரப்பட்டுத் தூக்கிக் குடுத்திடாதீங்க. முதல்ல கொப்பியை ஒவ்வொரு பக்கமா ஃபோன்ல படம் எடுங்க, 2004 சுனாமியில கரையோரத்துச் சனம் வீட்டோட சேத்து என்னவெல்லாம் பறிகுடுத்தாங்க எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. கூத்தில ரெண்டு வகை இருக்கே, அது வடமோடியா தென்மோடியா, எந்தக் கோயில் வாசலில களரி (கூத்து மேடை) போட்டது, ஆர் ஆர் என்ன வேசம் கட்டினது எண்டு எழுதுங்க, அவரோட ஆடின ஆக்கள் உயிரோட இருந்தா ரெண்டு பாட்டாவது பாடச் சொல்லி ரெக்கோட் பண்ணுங்க. கல்லடியில இருக்கிற சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலயும் ஒருக்கா விசாரிச்சுப் பாருங்க, நம்மட கலைகளைப் படிக்கிற பிள்ளைகள் அங்க இருக்காங்க. எங்க குடுத்தாலும் அண்ணாவியார்ர பேரும் ஊரும் தமிழில எழுதி வைப்பாங்களா, ஊரில கூத்துப் பழக்கைக்குள்ள மத்தளத்தைக் கேட்டா தருவாங்களா எண்டு கேட்டு, எழுத்தில வாங்கிப்போட்டுக் குடுங்க.